பெயரும் பொருளும்: குருதியிலே மூளையைத் தேடும் ஆராய்ச்சி பற்றிய ஒரு மறுப்புரை

விஞ்ஞான வரலாற்றிலே பிழையான விடைகள் விளைத்த தீங்கிலும் சோதிக்கப்படாத பெயர்கள் விளைத்த தீங்கு பெரிது. பிழையான விடையைப் பின்வரும் பரிசோதனை திருத்திவிடும். ஒரு பொருளுக்கு முன்கூட்டியே சூட்டப்பட்ட பெயரோ, அப்பொருள் இன்னதென ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்டது என்னும் மயக்கத்தைத் தந்து, பரிசோதனைக்கான தேவையையே மறைத்துவிடுகின்றது. அல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய் முதலிய நரம்புச் சிதைவு நோய்களைக் குருதிப் பரிசோதனை ஒன்றினால் முன்னறியலாம் என்ற நம்பிக்கையோடு வளர்ந்துள்ள ஓர் ஆராய்ச்சித் துறை இத்தகைய மயக்கத்துக்கு ஆட்பட்டது. 'நரம்புக் கலத்திற் பிறந்த புடகங்கள்' என்னும் தொடர் அத்துறையின் கட்டுரைத் தலைப்புகளிலே நிலைபெற்றுவிட்டது. அத்தொடர் குறிக்கும் பொருள் ஆய்வாளரின் சோதனைக் குழாயினுள் உண்மையிலே இருந்ததா என்ற வினாவோ நெடுங்காலம் உரியவாறு கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டபோது கிடைத்த விடையையும் பலர் செவிமடுக்கவில்லை. இக்கட்டுரை அதனையே கண்டிக்கின்றது.

இவ்வாராய்ச்சியின் பின்னாலுள்ள தேவை நியாயமானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் மருத்துவர் நடுக்குவாதம் பற்றிய தமது கட்டுரையை 1817 இல் வெளியிட்டார். அலோயிஸ் அல்சைமர் இன்று தம் பெயரால் வழங்கும் நோயின் மூளைக் குறிகளை 1906 இல் யேர்மனியிலே அறிவித்தார். இவ்விரு நோய்களையும் ஐயந்திரிபற உறுதிசெய்வதற்கு, நோயாளி இறந்த பின்னர் அவரது மூளையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவதன்றி வேறு வழி நெடுங்காலம் இருக்கவில்லை. ஈரலிலோ சிறுநீரகத்திலோ நோய் கண்டால் அவ்வங்கத்தின் சிறு துணுக்கொன்றை எடுத்துப் பரிசோதிக்கலாம். உயிருள்ள மனிதரின் மூளையிலே அவ்வாறு செய்வது எளிதன்று. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள பாய்பொருளை முதுகிலே ஊசி ஏற்றி எடுப்பதும், கதிர்த்தொழிற்பாடுள்ள பதார்த்தங்களைச் செலுத்தி மூளையைப் படம்பிடிப்பதும் பின்னர் வந்த வழிகள். முன்னையது நோயாளிக்குத் துன்பந் தருவது. பின்னையது பெரும் பொருட்செலவை வேண்டுவது. அன்றியும், மறதியோ நடுக்கமோ தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே மூளையில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. ஆகவே கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு குருதியிலே மூளையின் நிலையைக் காண முடியுமாயின், அது மருத்துவத்துக்குக் கிடைக்கும் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தேவையின் பெருமை சான்றின் குறையை ஈடுசெய்வதில்லை. தாகம் மிகுந்தவனே கானலை நீரென்று நம்புகின்றான்.

புடகங்கள் என இங்கு கூறப்படுவன, கலங்கள் தம் மென்சவ்வினாற் பொதிந்து வெளியே விடும் நுண்ணிய பைகள். அவற்றுட் சிறியன ஏறத்தாழ 30 முதல் 150 நனோமீற்றர் வரை விட்டமுடையன. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியின் கண்ணுக்கு அகப்படாதவை. இவற்றின் வரலாறு இகழ்ச்சியிலே தொடங்குகின்றது. குருதி உறைதலை ஆராய்ந்த சார்காவ், வெஸ்ட் ஆகிய இருவரும் 1946 இல், சிறுதட்டுக்கள் நீக்கப்பட்ட திரவவிழையத்தை மிகு வேகத்தில் மையநீக்கஞ் செய்தபோது அடியிலே படிந்த பொருளுக்கு உறையச் செய்யும் ஆற்றல் இருத்தலைக் கண்டனர். 1967 இல் பீற்றர் வுல்ப் அப்பொருளை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டு, 'சிறுதட்டுத் தூசு' என்று பெயரிட்டார். 1983 இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிலும் கனடாவின் மொன்றியல் நகரிலும் இரு குழுவினர், முதிராச் செங்குழியங்கள் தமக்கு வேண்டாத வாங்கிப் புரதத்தைச் சிறு பைகளிலிட்டு வெளியேற்றுவதைத் தனித்தனியே காட்டினர். மொன்றியல் ஆய்வாளர் றோஸ் ஜோன்ஸ்ரனும் அவருடன் உழைத்தோரும் 1987 இல் இவற்றுக்கு 'எக்சோசோம்' என்னும் பெயரை வழங்கினர். அந்நாளிலே இவை கலத்தின் குப்பைக்கூடை எனவே கருதப்பட்டன.

குப்பை எனப்பட்டது பின்னர் தூது என மதிக்கப்பட்டது. 1996 இல் நிர்ப்பீடனத் தொகுதியின் வெண்குழியங்கள் வெளிவிடும் புடகங்கள் பிற வெண்குழியங்களைத் தூண்ட வல்லன எனக் காட்டப்பட்டது. 2007 இல் சுவீடன் ஆய்வாளர், புடகங்களினுள்ளே ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இருப்பதையும் அவை வேறொரு கலத்தைச் சென்றடைந்து அங்கு தொழிற்படுவதையும் அறிவித்தனர். நரம்புச் சிதைவு நோய்களோடு புடகங்களுக்குள்ள உறவும் இக்காலத்திலேயே வெளிப்பட்டது. பிறயோன் என்னும் தொற்றும் புரதம் புடகங்களோடு சேர்ந்து வெளியேறுதல் 2004 இலும், அல்சைமர் நோயின் அமைலொயிட்டு-பீற்றாத் துண்டுகள் அவ்வாறு வெளியேறுதல் 2006 இலும், பார்க்கின்சன் நோயின் அல்பா-சைனியூக்கிளீன் 2010 இலும், டௌ புரதம் 2012 இலும் காட்டப்பட்டன. இவை பெரும்பாலும் ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கலங்களிற் கண்ட முடிபுகள். எனினும் மதிக்கத்தக்கவை. மூளையின் கலங்கள் புடகங்களை வெளிவிடுகின்றன என்பதோ, அவை நோய்ப் புரதங்களைச் சுமக்க வல்லன என்பதோ இங்கு மறுக்கப்படவில்லை. மறுக்கப்படுவது அதற்கடுத்த பாய்ச்சலாகும்.

அப்பாய்ச்சல் யாது? குருதியிலே மிதக்கும் புடகங்களில் மிகப் பெரும்பாலானவை சிறுதட்டுக்கள், செங்குழியங்கள், வெண்குழியங்கள் ஆகியவற்றிலிருந்து வந்தவை. மூளையிலிருந்து வருவன உளவாயின், அவை கடலில் இட்ட கைப்பிடி உப்பைப் போன்றவை. அக்கைப்பிடியைப் பிரித்தெடுக்க ஒரு தூண்டில் வேண்டும். அத்தூண்டிலாகத் தெரிந்தெடுக்கப்பட்டது 'எல்1காம்' என்னும் புரதம். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் இப்புரதம் கல மென்சவ்வை ஊடுருவி நிற்பது. இதனைப் பற்றவல்ல பிறபொருளெதிரியை நுண்மணிகளில் ஏற்றித் திரவவிழையத்தில் இட்டால், மணிகளில் ஒட்டுவன நரம்புக் கலங்களின் புடகங்களே என்பது கொள்கை. 2014 இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று 267 பார்க்கின்சன் நோயாளரையும் 215 நோயற்றோரையும் இம்முறையால் ஒப்பிட்டு, நோயாளரின் புடகங்களிலே அல்பா-சைனியூக்கிளீன் மிகுந்திருப்பதாக அறிவித்தது. 2015 இல் வேறொரு குழு, இம்முறையாற் பெற்ற புடகங்களில் டௌ புரதத்தையும் அமைலொயிட்டையும் அளந்து அல்சைமர் நோயாளரை நூற்றுக்கு 96 வீதம் சரியாக இனங்காணலாம் என்றும், நோய் வெளிப்படுவதற்குப் பத்தாண்டுகள் வரை முன்னரே அதனை அறியலாம் என்றும் கூறியது. அவ்வாய்விற் சேர்க்கப்பட்ட நோயாளர் தொகையோ நூற்றை எட்டவில்லை. அந்த எண்ணிக்கையை மறந்தவர் பலர். 96 என்ற எண்ணை மறந்தவர் சிலரே.

இக்கொள்கை மூன்று ஊன்றுகோல்களின் மேல் நிற்பது. எல்1காம் நரம்புக் கலத்துக்கே உரியது என்பது முதலாவது. குருதியிலுள்ள எல்1காம் புடகத்தின் மென்சவ்விலே பதிந்து நிற்கிறது என்பது இரண்டாவது. நரம்புக் கலத்தின் புடகம் குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைச் சிதையாமற் கடந்து, அளக்கத்தக்க அளவிலே குருதியை வந்தடைகிறது என்பது மூன்றாவது. இவற்றுள் முதலாவது முன்னரே முறிந்த கோல்: சிறுநீரகக் கலங்களிலும், நிர்ப்பீடனக் கலங்களிலும், பலவகைப் புற்றுநோய்க் கலங்களிலும் எல்1காம் காணப்படுவது அறியப்பட்ட செய்தி. இரண்டாவதும் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. கலத்தின் மேற்பரப்பில் நிற்கும் எல்1காமை நொதியங்கள் வெட்டி விடுவிக்கின்றன. மென்சவ்விற் பதிவதற்குரிய பகுதி இன்றியே ஆக்கப்படும் ஒரு வடிவமும் அதற்குண்டு. இவ்விரு வகையும் எப்புடகத்தையுஞ் சாராது குருதியிலே தனித்துத் திரியத்தக்கன. தூண்டிலில் அகப்பட்டது மீனா, மீனினின்று கழன்ற செதிளா என்பதைப் பார்த்த பின்னரன்றோ மீனின் எடையைப் பேச வேண்டும்?

அதனைப் பார்த்தவர்கள் 2021 இலேதான் வந்தனர். ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வைஸ் நிறுவகத்தின் ஆய்வாளர், 'நேச்சர் மெதட்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்விலே மிக எளிய வினாவொன்றை எழுப்பினர். துகள்களைப் பருமனால் வேறுபடுத்தும் நிரலொன்றினூடாகத் திரவவிழையத்தைச் செலுத்தினால், பருத்த புடகங்கள் முதலிலும் தனித்த புரதங்கள் பின்னரும் வெளிவரும். புடகங்களுக்குரிய சி.டி. 9, சி.டி. 63, சி.டி. 81 என்னும் புரதங்கள் முற்பகுதிகளிலும், குருதியின் தனிப்புரதமாகிய அல்புமின் பிற்பகுதிகளிலும் தோன்றும். எல்1காம் யாருடன் வருகின்றது? தனித்தனி மூலக்கூறுகளையும் எண்ணவல்ல நுண்ணளவை முறையினால் அவர்கள் கண்ட விடை: அது புடகங்களோடு வரவில்லை, தனிப்புரதங்களோடு வந்தது. அடர்த்தியால் வேறுபடுத்தியபோதும் முடிபு மாறவில்லை. திரவவிழையத்தில் மட்டுமன்றி, மூளையை நேரே தழுவி நிற்கும் மூளைய முண்ணாண் பாய்பொருளிலும் அவ்வாறே. மனிதரின் இவ்விரு பாய்பொருள்களிலும் எல்1காம் புடகங்களைச் சாரவில்லை என்றும், நரம்புக் கலப் புடகங்களைப் பிரிப்பதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது என்றும் அவர்கள் வெளிப்படையாகவே எழுதினர்.

இங்கு வியப்புக்குரியது அம்முடிபன்று, அவ்வினாவின் எளிமையே. பருமனால் வேறுபடுத்தும் நிரல் புதிய கண்டுபிடிப்பன்று. இத்தகைய சோதனையே முதலாவது கட்டுரையின் முதலாவது படமாக அமைந்திருத்தல் வேண்டும். பிறபொருளெதிரியால் எதைப் பிடித்தாலும் அதனோடு ஒட்டிவரும் வேண்டாப் பொருள்கள் உண்டு என்பது உயிரிரசாயனம் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்தது. போதாதற்கு, பல ஆய்வுகளிலே மையநீக்கத்தின் கடுமையான வழி கைவிடப்பட்டு, கரைசலொன்றைச் சேர்த்துப் புடகங்களை வீழ்படிவாக்கும் இலகுவழி கைக்கொள்ளப்பட்டது. அவ்வீழ்படிவிலே புடகங்களோடு தனிப்புரதங்களும் ஏராளமாகப் படியும். குருதியிலுள்ள இலிப்போபுரதத் துகள்களோ புடகங்களிலும் எண்ணிக்கையிற் பன்மடங்கு மிக்கவை. அவற்றுட் சில பருமனாலும், வேறு சில அடர்த்தியாலும் புடகங்களை ஒத்தவை. இவையனைத்தும் கலந்த குழம்பிலே தனித்துத் திரிந்த எல்1காமைப் பிடித்துவிட்டு, 'நரம்புக் கலத்திற் பிறந்த எக்சோசோம்' எனச் சிட்டை ஒட்டியதே நிகழ்ந்தது எனக் கருத வேண்டியுள்ளது. இதனை மோசடி என்று கூறுதல் நீதியன்று. பெயர் சொன்ன பின் பொருளைப் பார்க்க மறந்த குற்றமே இது. விஞ்ஞானத்தில் அதுவுஞ் சிறு குற்றமன்று.

இக்கண்டனத்துக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன.

புடகமாயினும் அன்றாயினும் முறை பலன் தருகின்றதே, நோயாளரையும் நோயற்றோரையும் அது பிரித்துக் காட்டுகின்றதே, பின் இதனால் என்ன குறை என்பது முதல் வாதம். நடைமுறை மருத்துவரின் வாதம் போலத் தோன்றுவதால் இது கவர்ச்சியுடையது. ஆனால் பிரித்துக் காட்டியது எது என அறியாத முறை, நாளை வேறொரு மருத்துவமனையிலே ஏன் பிரிக்கத் தவறியது என்பதையும் அறியாது. குருதி எடுத்த குழாயின் வகை, மையநீக்கஞ் செய்யும் வரை அது காத்திருந்த நேரம், செங்குழியங்கள் உடைந்தமை, சிறுதட்டுக்கள் குழாயினுள்ளேயே புதிய புடகங்களை விட்டமை, நோயாளி உண்ட உணவினாற் குருதியில் மிகுந்த கொழுப்பு ஆகிய ஒவ்வொன்றும் அளவீட்டை மாற்றவல்லது. நோயாளரின் குருதி ஓரிடத்திலும் நோயற்றோரின் குருதி வேறோரிடத்திலும் எடுக்கப்பட்டிருப்பின், பிரிந்து தோன்றுவது நோயா, இடமா? இவ்வகையான ஏமாற்றம் முன்னரும் நிகழ்ந்ததுண்டு. 2002 இல் 'லான்செற்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, குருதி நீர்ப்பாயத்தின் புரதக் கோலங்களைக் கணினியால் ஆராய்ந்து சூலகப் புற்றுநோயை இனங்காணலாம் என்றது. சோதிக்கப்பட்ட 50 புற்றுநோயாளரும் சரியாகக் கண்டறியப்பட்டனர். நோயற்ற 66 பேரில் 63 பேர் சரியாக விலக்கப்பட்டனர். உலகம் ஆரவாரித்தது; வர்த்தக நிறுவனங்கள் முன்வந்தன. கீத் பகர்லி முதலிய புள்ளிவிபரவியலாளர் அத்தரவுகளை மீள நோக்கியபோது, அவ்வேறுபாடுகள் நோயினால் அன்றி அளவீட்டு முறையின் மாறுபாடுகளினால் எழுந்திருத்தல் கூடும் எனக் காட்டினர். அப்பரிசோதனை எதிர்பார்த்தவாறு மருத்துவத்தில் நிலைபெறவில்லை. 'பலன் தருகின்றது' என்ற சொல்லுக்கு அன்றும் குறைவிருக்கவில்லை.

எல்1காம் முறையாற் பெற்ற முடிபுகள் 2021 இன் பின்னரும் தொடர்கின்றன, அவற்றுட் சில வலிமையானவை என்பது இரண்டாவது வாதம். இது செவிமடுக்கத்தக்கது. ஒக்ஸ்போட் ஆய்வாளர் 2024 இல் வெளியிட்ட ஆய்வொன்று, பார்க்கின்சன் நோய் தோன்றும் வாய்ப்பு மிகுந்தோரின் நீர்ப்பாயத்தில் இம்முறையாற் பெற்ற புடகங்களிலே அல்பா-சைனியூக்கிளீன் உயர்ந்திருப்பதாகக் கூறுகின்றது. வேறு சிலர், எல்1காம் தாங்கிய புடகங்கள் குறைந்த தொகையிலேனும் உள்ளன என வாதிடுகின்றனர். இவர்கள் கூற்று உண்மையாகவும் இருக்கலாம். ஆயின் உண்மையை நிறுவும் வழி அறியப்படாததன்று. புரதத்தைச் சிதைக்கும் நொதியத்தைப் புடகக் கரைசலில் இட்டால், வெளியே ஒட்டியிருக்கும் புரதம் அழியும். மென்சவ்வினுள்ளே பொதிந்திருப்பது எஞ்சும். மென்சவ்வைக் கரைத்த பின் நொதியத்தை இட்டால் அதுவும் அழியும். இச்சோதனையைச் செய்து, தொடர்பற்ற பிறிதோர் ஆய்வுகூடத்திலும் அதே முடிபு கிடைக்கச் செய்து, பருமனாற் பிரித்த பகுதிகளையும் காட்டிய பின்னர் 'நரம்புக் கலப் புடகம்' என்னும் பெயரை வழங்குவதற்கு எவரும் தடையுரையார். அதுவரை அப்பொருளுக்கு உரிய பெயர் 'எல்1காம் பிறபொருளெதிரியில் அகப்பட்டது' என்பதே. அது அழகற்ற பெயர்தான். எனினும் பொய் கூறாத பெயர்.

இத்தகைய கண்டனம் இளந் துறையொன்றை முளையிலே கிள்ளிவிடும் என்பது மூன்றாவது வாதம். இதனைக் கூறுவோர் கண்டனம் எங்கிருந்து எழுந்தது என்பதை நோக்குதல் நன்று. புடகங்களை ஆராய்வோரின் அனைத்துலகச் சங்கம், புடகம் ஒன்றை அறிவிப்பதற்கு வேண்டிய குறைந்தபட்சச் சான்றுகளை 2014 இல் வகுத்தது. 2018 இல் விரித்தது. 2023 ஆம் ஆண்டுப் பெயரோடு மீண்டும் திருத்தியது. கலத்தினுள்ளே எங்கு பிறந்தது என்பது காட்டப்படாதவிடத்து 'எக்சோசோம்' என்ற பெயரைத் தவிர்த்துப் பொதுப்பெயரான 'கலப்புறப் புடகம்' என்பதையே ஆளுமாறு அது வேண்டியுள்ளது. எல்1காமை மறுத்தவர்களும் புடகங்களில் நம்பிக்கை கொண்டு உழைப்பவர்களே. ஆகவே இது வெளியாரின் பகையன்று, உள்ளிருப்போரின் ஒழுக்கம். களை பறிப்பவனைப் பயிரின் பகைவன் என்பார் உளரோ?

நூற்றுக்கு 96 என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். அது முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதன் பொருள் செய்தித்தாள் வாசகர் எண்ணுவதன்று. பரிசோதனையொன்று நோயுற்றோரில் நூற்றுக்கு 96 பேரை இனங்கண்டு, நோயற்றோரிலும் நூற்றுக்கு 96 பேரைச் சரியாக விலக்குகின்றது என்க. நூற்றுக்கு ஒருவர் நோய்வாய்ப்பட்டுள்ள ஒரு சமுதாயத்தில் 10,000 பேரை அது சோதித்தால், 100 நோயாளரில் 96 பேர் அகப்படுவர். 9,900 நோயற்றோரில் 396 பேரும் நோயாளரென அறிவிக்கப்படுவர். ஆகக் 'குறி உண்டு' எனக் கூறப்படும் 492 பேரில் மெய்யான நோயாளர் 96 பேரே. ஐவரில் ஒருவருங்கூட இல்லை. ஆய்வுகூடத்தில் நோயாளரும் நோயற்றோரும் ஏறத்தாழச் சம தொகையில் நிறுத்தப்படும்போது இவ்வுண்மை மறைந்துவிடுகின்றது. பத்தாண்டின் பின் நினைவிழப்பாய் என ஒருவருக்குச் சொல்வது சிறு செய்தியன்று. தொழிலையும், திருமணத்தையும், சொத்தையும், உயிர்வாழும் விருப்பையுமே மாற்றவல்ல செய்தி அது. அதனை ஐவரில் நால்வருக்குப் பொய்யாகச் சொல்லும் கருவியை முன்னேற்றம் எனப் போற்றுதல் தகாது.

இந்நோய்களுக்கு மருந்தில்லாத காலத்திலே பிழையான பரிசோதனை மனத்துயரை மட்டுமே விளைத்திருக்கும். இன்று நிலை வேறு. மூளையிலுள்ள அமைலொயிட்டை அகற்றும் லெக்கனெமாப் என்னும் மருந்துக்கு ஐக்கிய அமெரிக்கா 2023 இல் முழு அங்கீகாரம் வழங்கியது. நோயின் போக்கை ஓரளவு தாமதிக்கச் செய்யும் அம்மருந்து, சிலருக்கு மூளையிலே வீக்கத்தையும் குருதிக் கசிவையும் உண்டாக்கக்கூடியது. அத்தகைய மருந்துக்கு உரியவர் யார், உரியரல்லாதவர் யார் என்பதைப் பரிசோதனைதான் தீர்மானிக்கின்றது. ஆகவே உயிர்க்குறிகாட்டி பற்றிய விவாதம் அறிஞர் மண்டபத்தின் சொற்போர் அன்று. நோயாளியின் நாளத்திலே முடிவது.

இவ்வாறிருக்க, புடகம் என்ற பேச்சே இன்றி, குருதியை நேரே அளந்த முறையொன்று முன்சென்றுவிட்டது. டௌ புரதத்தின் 217 ஆம் இடத்திலே பொசுபேற்று ஏறிய வடிவத்தைத் திரவவிழையத்தில் அளக்கும் முறை அது. அதற்கும் அமைலொயிட்டு 42 இற்கும் உள்ள விகிதத்தைக் காணும் பரிசோதனையை ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 2025 மே மாதத்தில் அனுமதித்தது. அறிவாற்றல் குறைந்த 499 பேரின் குருதியை மூளைப் படத்தோடோ மூளைய முண்ணாண் பாய்பொருளோடோ ஒப்பிட்டபோது, 'உண்டு' என்ற விடைகளில் நூற்றுக்கு 91.7 உம், 'இல்லை' என்ற விடைகளில் நூற்றுக்கு 97.3 உம் சரியாயின. நூற்றுக்கு இருபதிலும் சற்றுக் குறைவானோருக்கு அது 'தீர்மானிக்க இயலாது' என்ற விடையையே தந்தது. மேலும், 55 வயதைத் தாண்டி நோய்க்குறிகளும் உடையோருக்கே அது அனுமதிக்கப்பட்டது. தெருவிற் செல்லும் அனைவருக்கும் அன்று. தன் எல்லையைத் தானே கூறும் பரிசோதனை எவ்வாறிருக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அல்சைமர் நோய்க்குப் புடகங்களை முன்வைப்போர் இனி விடைகூற வேண்டிய வினாவும் இதுவே: அதே குருதித் துளியில் நேரே அளக்கத்தக்கதைவிடப் புடகத்தைப் பிரித்தெடுக்கும் இத்தனை உழைப்பும் செலவும் மேலதிகமாக எதனைத் தருகின்றன?

பார்க்கின்சன் நோயின் நிலை சற்று வேறு. அங்கு புடகங்களுக்கு உண்மையான இடம் இருத்தல் கூடும். குருதியிலுள்ள அல்பா-சைனியூக்கிளீனில் மிகப் பெரும்பகுதி செங்குழியங்களினுள்ளே இருக்கின்றது. ஆதலின் சில செங்குழியங்கள் உடைந்தாலும் நேரடி அளவீடு குலைந்துபோகும். 2023 இல் வெளியான ஆய்வொன்றில், அப்புரதத்தின் பிழைமடிந்த வடிவம் பிறவற்றையும் தன்போல் மடிக்கும் இயல்பைப் பயன்படுத்தி, 1,123 பேரின் மூளைய முண்ணாண் பாய்பொருள் சோதிக்கப்பட்டது. பார்க்கின்சன் நோயாளரில் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேர் இனங்காணப்பட்டனர். ஆனால் அதற்கு முதுகிலே ஊசி ஏற்ற வேண்டும். குருதியில் அதனைச் செய்ய வேண்டுமாயின், மூளையிலிருந்து வந்ததைச் செங்குழியத்திலிருந்து வந்ததினின்று பிரித்தறிதல் இன்றியமையாதது. இங்குதான் புடகவாதிகளின் தேவை மிக நியாயமாகின்றது. இங்குதான் அவர்களின் கவனக்குறைவு மிகக் கொடிதுமாகின்றது. செங்குழியங்களும் புடகங்களை வெளிவிடுவன. அப்புடகங்களிலும் அல்பா-சைனியூக்கிளீன் உண்டு. பிறப்பிடத்தை நிறுவுதலே இங்கு முழுப் பிரச்சினை. அதனைப் பெயரிலே முன்கூட்டி எழுதிவிட்டுப் பின்னர் ஆய்வைத் தொடங்குதல், தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியை அழைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே இத்துறையிடம் வேண்டப்படுவன நான்கு. பிறப்பிடம் காட்டப்படும் வரை பிறப்பிடத்தைப் பெயரில் எழுதாமை ஒன்று. அளக்கப்பட்டது புடகத்தின் அகத்தே இருந்ததா, புறத்தே ஒட்டியதா, தனித்துத் திரிந்ததா என்பதை ஒவ்வோர் ஆய்விலும் காட்டுதல் இரண்டு. எக்குருதி எவருடையது என அறியாத பிறிதோர் ஆய்வுகூடம் அதே முடிபைப் பெறுதல் மூன்று. புடகமின்றி நேரே அளக்கும் முறையோடு அதே குருதியில் ஒப்பிட்டு வெல்லுதல் நான்கு. இவற்றுள் எதுவும் புதுமையானதன்று; எதுவும் இயலாததுமன்று. இவற்றைச் செய்தால் ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகளின் தொகை குறையலாம். குறைந்தால் நட்டம் எவருக்கு?

பல்கலைக்கழகங்களிலே விஞ்ஞானம் பயில்வோர்க்கு இவ்வரலாறு ஒரு பாடத்தைத் தருகின்றது. ஆய்விதழிலே அச்சேறியது என்பதால் ஒரு தொடர் உண்மையாவதில்லை. நூறு கட்டுரைகள் அதனைத் திருப்பிக் கூறின என்பதாலும் ஆவதில்லை. ஒரு பிழையை நூறு பேர் எடுத்தாள்வது நூறு சான்றாகாது. அது ஒரே பிழையின் நூறு நிழல்கள். குருதியிலே மிதக்கும் நுண்புடகம் மூளையின் செய்தியைத் தாங்கி வருவதாயின், ஒருநாள் அச்செய்தி வாசிக்கப்படும். அதனை வாசிக்கப் போகிறவர், கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என உறையைத் திருப்பிப் பார்ப்பவராகவே இருப்பார்.